கர்னல் ஆல்காட்டும் பஞ்சமர் பள்ளிகளும்: ஒரு மறுவாசிப்பு

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. அதே பகுதியில், இன்றளவும் கட்டணமின்றிக் கற்பிக்கும் ஆல்காட் நினைவுப் பள்ளியும் இருக்கிறது. ஒரு குப்பத்திற்கும் ஒரு பள்ளிக்கும் பெயராய் எஞ்சியிருக்கும் அந்த அமெரிக்கரைப் பற்றி நம் இயக்க மேடைகளில் இரண்டு விதமான பேச்சுகள் உலவுகின்றன. தமிழகத் தலித்துகளுக்குக் கல்வியையும் பௌத்தத்தையும் கொண்டுவந்து கொடுத்த வள்ளல் அவர் என்பது ஒன்று. பார்ப்பனர்களோடு கூடிக் குலாவிய பிரம்மஞான சபையின் தலைவர், ஆகவே நமக்கு வேண்டாதவர் என்பது மற்றொன்று. இரண்டும் பாதி வழியிலேயே நின்றுவிடும் பேச்சுகள். ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்னும் மனிதரின் வாழ்க்கையை முழுமையாகப் படித்துப் பார்த்தால், அவரைக் குறித்தும், அதைவிட முக்கியமாக, அவரைத் தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்ட நம் முன்னோர் குறித்தும் நமக்குத் தெளிவு பிறக்கும்.

ஆல்காட் 1832 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு என்னும் ஊரில், பக்தி மிகுந்த பிரெஸ்பிட்டேரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் வணிகம் நொடித்ததால் கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. ஒஹையோ மாநிலத்தில் உறவினரின் நிலங்களில் உழவு கற்றார். வேளாண் அறிவியலில் தேர்ந்து, சர்க்கரைச் சோளப் பயிர் குறித்து 1857இல் ஒரு நூலையும் வெளியிட்டார். பின்னர் நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் வேளாண்மைப் பகுதியின் ஆசிரியரானார். அடிமை முறையை எதிர்த்து ஹோரஸ் கிரீலி நடத்திவந்த இதழ் அது.

அந்த வேலையில்தான் அவர் வாழ்வின் முதல் பெரிய நிகழ்வு நேர்ந்தது. 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் என்னும் வெள்ளையர், கறுப்பரும் வெள்ளையருமான ஒரு சிறு படையுடன் ஹார்ப்பர்ஸ் பெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கினார். அடிமைகளின் கையில் ஆயுதம் கொடுத்து எழுச்சியை மூட்டுவது அவர் திட்டம். அது தோற்று, டிசம்பர் 2 அன்று அவருக்குத் தூக்கு என்று முடிவாயிற்று. அடிமை முறையை எதிர்க்கும் இதழின் செய்தியாளர் எவரும் அன்று வர்ஜீனியாவுக்குள் கால்வைத்தால் உயிருக்கு உறுதியில்லை. ஆல்காட் வர்ஜீனியாவின் தன்னார்வப் படைப்பிரிவு ஒன்றில் வீரராகச் சேர்ந்துகொண்டு, தூக்குமேடையைச் சூழ்ந்து நின்ற காவல் வரிசையிலேயே இடம்பிடித்து, அந்தக் கொலைத் தண்டனையை நேரில் பார்த்தார். அந்த அனுபவத்தைப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு கட்டுரையாகவும் எழுதினார்.

அமெரிக்க அடிமைகளின் விடுதலையைத் தம் மக்களின் விடுதலையோடு இணைத்துப் பார்த்தவர் மகாத்மா ஜோதிராவ் புலே. 1873இல் வெளிவந்த குலாம்கிரி நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்கே அவர் காணிக்கையாக்கினார். ஜான் பிரவுன் தூக்கிலேறியதைக் கண்ணால் கண்ட ஒருவர், அந்த நூல் வெளிவந்த ஆறாவது ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அவர் யாரோடு கைகோத்தார் என்பதைப் பிறகு பார்ப்போம்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஆல்காட் வட மாநிலங்களின் படையில் சேர்ந்து, சமிக்ஞைப் பிரிவு அதிகாரியானார். தளபதி பர்ன்சைடின் வட கரோலினாப் படையெடுப்பில் பங்கேற்றார். வயிற்றுக்கடுப்பு கண்டு களத்திலிருந்து திரும்பினார். ஆனால் அவருடைய உண்மையான படைப்பணி அதன் பின்னர்தான் தொடங்கியது. போர் என்றால் துப்பாக்கி மட்டுமன்று; கம்பளி, காலணி, மாவு, கப்பல், குதிரை எல்லாம் போர்தான். அவை ஒவ்வொன்றிலும் ஒப்பந்தக்காரர்கள் அரசைச் சூறையாடிக்கொண்டிருந்தனர். மழையில் நனைந்தால் பிய்ந்துபோகும் சீருடைகள் வாங்கப்பட்டன. படைக்கு வராத ஆட்களுக்கு உணவும் தங்குமிடமும் கொடுத்ததாகப் பொய்ப் பற்றுச்சீட்டுகள் எழுதப்பட்டன. இந்த மோசடிகளைத் துருவ, போர்த்துறை ஆல்காட்டைச் சிறப்பு ஆணையராக அமர்த்தியது.

அவர் செய்த வேலையின் தன்மையைச் சட்டத்துறையில் இருக்கும் நம்மால் எளிதில் புரிந்துகொள்ள முடிகிறது. பற்றுச்சீட்டையும் பதிவேட்டையும் ஒப்பிடுவது. பெயர்ப்பட்டியலில் உள்ள ஆள் உண்மையில் இருக்கிறாரா என்று தேடிப் போவது. சாட்சிகளைக் கையூட்டும் மிரட்டலும் அண்டாமல் காப்பது. அரசியல் செல்வாக்கும் பணபலமும் உள்ள வணிகர்களைக்கூட அவர் விடவில்லை; சிறைக்கு அனுப்பும்வரை ஓயவில்லை. கர்னல் பட்டம் இந்தப் பணியினூடே வந்தது. பின்னர் கப்பற்படைத் துறையும் தன் கிடங்குகளைத் தணிக்கை செய்ய அவரை அழைத்துக்கொண்டது. 1865 ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சதியை விசாரித்துச் சாட்சியம் திரட்டிய அதிகாரிகளுள் ஒருவராகவும் இருந்தார். போர் முடிந்தபின் சட்டம் பயின்று 1868இல் வழக்குரைஞரானார். காப்பீடு, வரி, மோசடி ஆகியவை அவர் நடத்திய வழக்குகள்.

நாற்பது வயதிற்குள் ஆல்காட் கற்றுத் தேர்ந்திருந்தது மூன்று தொழில்கள்: எழுதுவது, தணிக்கை செய்வது, நிறுவனத்தை ஒழுங்குபடுத்துவது. பிற்காலத்தில் அவருக்கு வாய்த்த புகழ் யோகத்தாலோ ஞானத்தாலோ வந்ததன்று. இந்த மூன்று தொழில்களின் விளைச்சல் அது.

ஆவியுலக ஆராய்ச்சியில் நாட்டம் கொண்டு 1874இல் வெர்மான்ட் மாநிலத்து ஒரு பண்ணை வீட்டிற்குச் செய்தி திரட்டச் சென்றவர், அங்கே ருஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறு ஆண்டு நவம்பர் 17 அன்று நியூயார்க்கில் பிரம்மஞான சபை முறைப்படித் தொடங்கப்பட்டது. பிளாவட்ஸ்கி அதன் நூல்களை எழுதினார். ஆல்காட் அதை நடத்தினார். சாகும்வரை, 31 ஆண்டுகளுக்கு மேல், அவரே தலைவர். மகாத்மாக்களின் கடிதங்கள், அற்புதங்கள், அவற்றைப் பொய்யென்று காட்ட வந்த ஆய்வறிக்கைகள் ஆகியவற்றைப் பற்றி ஏராளம் எழுதப்பட்டுவிட்டது. அவை நமக்குத் தேவையில்லை. ஒரு முரணை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஒப்பந்தக்காரரின் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் சந்தேகத்தோடு புரட்டிய அந்தக் கண்கள், வானிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களை அவ்வளவு எளிதில் நம்பின.

1879 பிப்ரவரியில் இருவரும் பம்பாய் வந்தனர். அவர்களின் சபை, மனிதகுலம் முழுவதும் ஒரே உடன்பிறப்பு என்பதைக் குறிக்கோளாகச் சொன்னது. அந்தக் குறிக்கோளின் வாசகம் நிலைபெற்றபோது இனம், மதம், பால், நிறம் ஆகியவற்றோடு சாதி வேறுபாடும் கூடாது என்பதும் எழுத்தில் இடம்பெற்றது. ஆனால் இந்திய மண்ணில் கால்வைக்கும் முன்பே அவர்கள் உறவு பூண்டிருந்தது தயானந்த சரஸ்வதியின் ஆரிய சமாஜத்துடன். வேதமே அறிவின் ஊற்று என்று முழங்கிய அமைப்பு அது. அதே பம்பாய் மாகாணத்தில், புனே நகரில், புலேவின் சத்தியசோதக் சமாஜம் சூத்திர, அதிசூத்திர மக்களிடையே ஆறாண்டுகளாக இயங்கிக்கொண்டிருந்தது. வேதங்களைத் தேடி வந்த அமெரிக்கர்களின் பாதை அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆரிய சமாஜ உறவும் 1882இல் கசந்து முறிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் சபையின் தலைமையகம் அடையாற்றின் கரைக்கு மாறியது.

இடையில், 1880 மே மாதத்தில் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் இலங்கையின் காலியில் பௌத்தப் பிக்குகள் முன்னிலையில் பஞ்சசீலம் ஏற்றனர். இலங்கையில் ஆல்காட் ஆற்றிய பணியே அவர் வாழ்வின் மிகப் பெரிய வெற்றி. கிறித்தவ மிஷன் பள்ளிகளின் ஆட்சியில் பௌத்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் எழுந்தன. 1881இல் பௌத்த வினாவிடை நூல் வெளிவந்தது. 1883இல் கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டு, குற்றவாளிகள் தண்டிக்கப்படாமல் போனபோது, பௌத்தர்களின் முறையீட்டை ஏந்தி அவர் லண்டன் சென்றார். வெசாக் பண்டிகை அரசு விடுமுறையானது. பௌத்தக் கொடியின் வடிவமைப்பிலும் அவர் கை உண்டு. அந்நாட்டில் அவர் நினைவு நாள் இன்றும் கொண்டாடப்படுகிறது. ஒரு வழக்குரைஞர் தம் கட்சிக்காரருக்காக மனு எழுதி, மேல்முறையீடு செய்து, உரிமையைப் பெற்றுத் தரும் முறையிலேயே அவர் இதைச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அடையாற்றில் நிலைமை வேறு. சென்னை மாகாணத்தில் சபையின் கிளைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பார்ப்பன, உயர்சாதி வழக்குரைஞர்களும் நீதிபதிகளும் அரசு அலுவலர்களும். வெள்ளைக்காரர் ஒருவர் தம் சாத்திரங்களைப் புகழ்ந்து பேசியது அவர்களுக்குத் தேனாய் இனித்தது. ஆல்காட் ஊர் ஊராகச் சுற்றிக் கிளைகளுக்குப் பட்டயம் வழங்கினார். ஆண்டு மாநாடு, தலைவரின் ஆண்டறிக்கை, 1886இல் அடையாறு நூலகம் என்று நிறுவனத்தை அடுக்கடுக்காகக் கட்டினார். சாதி வேறுபாடில்லாத சகோதரத்துவம் ஒவ்வொரு கிளையின் பட்டயத்தோடும் பயணம் செய்தது. சேரியிலிருந்து ஓர் உறுப்பினர் வந்து அமரும் நிலை எந்தக் கிளையில் இருக்கிறது என்று எவரும் தணிக்கை செய்யவில்லை.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஆல்காட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். பண்டிதர் அயோத்திதாசர் 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டி, கல்வி உள்ளிட்ட கோரிக்கைகளைத் தீர்மானமாக்கினார். அதே ஆண்டு செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையை விவரித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று நீதிமன்றங்களில் வாதாடும் உரிமையின் வேர் அது. சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் அயோத்திதாசர் எழுந்து கோயில் நுழைவைக் கோரியபோது கூச்சல் எழுந்ததையும், பின் கல்வியும் நிலமும் கோரியதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். 1893இல் பஞ்சமர் கல்விக்கெனத் தனி அரசாணை பிறந்தது. இரட்டைமலை சீனிவாசன் பறையன் இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கிறித்தவ மிஷன்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே சேரிகளில் பள்ளி நடத்திவந்தன.

ஆல்காட் தம் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியை அடையாற்றுக்கு அருகே திறந்தது 1894இல். கேட்பாரற்றுக் கிடந்த மக்களிடம் ஒரு வெள்ளையர் கருணையோடு இறங்கி வந்தார் என்ற கதைக்கு இந்த ஆண்டுக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அரசு வாய்திறக்கத் தொடங்கியிருந்தது. அதன்பின் அவர் வந்தார். அதே வேளை, வந்தார் என்பதும் உண்மை. அவருடைய சபையின் செல்வாக்குமிக்க இந்திய உறுப்பினர்களிடையே அந்தத் துணிவு எவருக்கு இருந்தது என்று தேடினால் விடை கிடைப்பது கடினம். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கத்தில் பிளாவட்ஸ்கியின் நினைவாக ஒன்றும், தேனாம்பேட்டையில் தாமோதர் பெயரில் ஒன்றும், மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரில் ஒன்றும் எழுந்தன. வெளிநாட்டு உறுப்பினர்களின் நன்கொடையும் அரசின் உதவித்தொகையும் அவற்றை நடத்தின. அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர் சாரா பாமர், சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியே கற்பிக்கும் புதிய முறைகளைக் கொண்டுவந்தார். மிஷன் பள்ளிகளைப் போல மதம் மாற்றும் நோக்கம் இவற்றிற்கு இல்லை என்பதை ஆல்காட் உறுதியாகச் சொல்லிவந்தார்.

பாடத்திட்டத்தைப் பார்ப்போம். தமிழ் எழுதப் படிக்க, சிறிது ஆங்கிலம், கணக்கு, சமையல், தையல், வீட்டு மேலாண்மை. 1902இல் பறையர் நிலை குறித்து அவர் வெளியிட்ட சிறு நூலிலும் இதைப் பற்றிப் பேசினார். உயர்கல்வி அவர் இலக்கன்று. ஐரோப்பியர் வீடுகளில் சமையல்காரராகவும் பணியாளராகவும் வேலை பெறுவதில் இந்தப் பிள்ளைகள் பின்தங்காதிருக்க வேண்டும், வாழ்க்கைப் போட்டியில் கொஞ்சம் வலுப்பெற வேண்டும் என்பதே அவர் கணக்கு. கணக்கு என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறோம். பசித்தவனுக்கு முதலில் கூலி வேண்டும் என்ற நடைமுறைப் புத்தி அதில் இருந்தது. கூலிக்கு மேல் இவனுக்கு எதற்கு என்ற எல்லைக்கோடும் அதிலேயே இருந்தது. இலங்கையின் பௌத்தப் பிள்ளைகளுக்குக் கொழும்பில் கல்லூரியாக வளரும் பள்ளியை 1886இல் தொடங்கிய அதே கைகள், அடையாற்றுச் சேரியின் பிள்ளைகளுக்குச் சமையலறையோடு வாசலை நிறுத்தின.

அந்தச் சமையலறையிலிருந்து வந்த ஒரு மரபை அவர் அறிந்திருந்தால் வியந்திருப்பார். அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்னும் வெள்ளையரிடம் பட்லராக வேலை பார்த்தவர். திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிஸ் துரையின் கைக்குக் கொண்டுசேர்த்தவர் அவரே என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். துரைவீட்டுப் பணியாளர்களின் பரணில் குறள் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஆல்காட் பள்ளிகள் சந்தித்தது எழுத்தறியாத வெற்று மக்கள்திரளை அன்று. மருத்துவமும் சோதிடமும் இலக்கணமும் அறிந்த பண்டிதர்களைத் தன்னுள் கொண்டிருந்த ஒரு சமூகத்தை.

1898இல் அந்தச் சமூகம் ஆல்காட்டின் வாசலுக்கு வந்தது. வந்தவர்களுள் அயோத்திதாசரும், ஆல்காட்டின் பஞ்சமர் பள்ளியில் ஆசிரியராயிருந்த கிருஷ்ணசாமியாரும் முன்னணியில் இருந்தனர். அவர்கள் கேட்டது அரிசியுமன்று, சட்டையுமன்று. தாங்கள் இம்மண்ணின் பூர்வ பௌத்தர்கள். வந்தேறிய வேடதாரிகளால் வீழ்த்தப்பட்டுத் தீண்டத்தகாதவராக்கப்பட்டவர்கள். இழந்த மார்க்கத்திற்குத் திரும்ப உலக பௌத்தத்தின் அங்கீகாரம் வேண்டும் என்பதே அவர்கள் வைத்த வழக்கு. ஆல்காட் அதை ஏற்றார். இராயப்பேட்டையில் கூட்டம் நடந்தது. மகாபோதி சங்கத்தின் அநகாரிக தர்மபாலாவும் அதில் கலந்துகொண்டார். பின் ஆல்காட் அவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். வித்யோதயப் பிரிவேனாவின் தலைவர் இக்கடுவே சுமங்கல தேரரிடம் அயோத்திதாசரும் கிருஷ்ணசாமியாரும் பஞ்சசீலம் ஏற்றனர். சென்னை திரும்பியதும் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கப்பட்டது.

இங்கே இரு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, சுமங்கல தேரர் சார்ந்திருந்த சியாம் நிகாயம், கொவிகம சாதியினருக்கு மட்டுமே துறவு அளித்த பிரிவு. சாதியை உதறிவிட்டுப் பௌத்தம் தேடிச் சென்றவர்களுக்குச் சீலம் வழங்கியது சாதி பார்த்துக் காவி கொடுக்கும் ஒரு பீடம். ஆல்காட் இலங்கை நிகாயங்களை ஒன்றிணைக்க முயன்றவர், இதை அறியாதவரல்லர். தீட்சை பெற்றவர்களுக்கு அது பெரிய பொருட்டாகவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு சான்று. அதைப் பெற்றுக்கொண்டு வந்து, சங்கத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவதுதான் நமக்கு முதன்மையானது. பஞ்சமர் பள்ளியில் யார் எதைக் கற்க வேண்டும் என்பதை ஆல்காட்டின் நிர்வாகம் முடிவு செய்தது. நிதியும் ஆசிரியர் நியமனமும் அடையாற்றின் கையில். சாக்கிய பௌத்த சங்கத்தில் நூல் எதைப் படிப்பது, திருமணத்தை எப்படி நடத்துவது, புத்தர் வரலாற்றை எப்படிச் சொல்வது என்பதை அதன் உறுப்பினர்களே முடிவு செய்தார்கள். அயோத்திதாசர் கட்டிய பௌத்தம் ஆல்காட்டின் வினாவிடையில் இருந்த பௌத்தம் அன்று. தமிழ் இலக்கியங்களிலிருந்தும் நிகண்டுகளிலிருந்தும் வாய்மொழி வழக்குகளிலிருந்தும் அவரே அகழ்ந்தெடுத்தது. கோலார் தங்கவயல் வரையிலும், கடல்கடந்து இரங்கூன் வரையிலும் அது கிளைவிட்டது. ஒரே மனிதரின் உதவியில் பிறந்த இரண்டு ஏற்பாடுகளுள் ஒன்று அறக்கொடை; மற்றது அமைப்பு. தலித் மக்களின் பெயரால் இன்று நடக்கும் தொண்டு நிறுவனங்கள் பலவற்றின் ஆட்சிக்குழுவில் எத்தனை தலித்துகள் இருக்கிறார்கள் என்று நாம் கேட்கும்போது முகம் சுளிப்பவர்கள், இந்த வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆல்காட்டின் மீது நமக்குக் காழ்ப்பில்லை. அவர் தம் சபைக்கு எதிர்பாராத ஒன்றையும் செய்தார்: தாழ்த்தப்பட்டோரை இந்துக்களின் கீழ்த்தட்டாகக் காணாமல், வரலாற்றில் வீழ்த்தப்பட்ட பௌத்தர்களாகக் காண இசைந்தார். அன்றைய சென்னையின் படித்த உயர்சாதியினர் நடுவே வாழ்ந்துகொண்டு அதைச் சொல்வது சிறிய செயலன்று. ஆனால் சொன்னதைச் சபைக்குள் கொண்டுவரவில்லை. ஒரு கூரையின் கீழ் வேத பாராயணமும், மற்றொரு கூரையின் கீழ் பஞ்சமர் பள்ளியும் தனித்தனியே நடந்தன. இரண்டுக்கும் அவரே தலைவர். இவர்கள் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும் என்று கட்டளையிடும் அதிகாரமும், கர்னல் என்ற மிடுக்கும் அவரிடம் இருந்தன. கிளைகள் உடைந்துவிடும் என்ற நிர்வாகியின் அச்சம் வென்றிருக்க வேண்டும் என்பது நம் கணிப்பு. 1895இல் அமெரிக்கக் கிளையின் பெரும்பகுதி பிரிந்துபோனதைப் பார்த்தவர் அவர்.

நிர்வாகியாக அவர் செய்த கடைசிப் பெரிய வேலை, 1905 ஏப்ரலில் சபையைச் சட்டப்படிப் பதிவு செய்தது. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் அதற்குப் பயன்பட்டது. சொத்துகள் தனி மனிதர் பெயரில் நில்லாமல் சபையின் பெயருக்கு வந்தன. 1906 அக்டோபரில் கப்பலில் தவறி விழுந்து காயமடைந்தார். அதிலிருந்து அவர் தேறவேயில்லை. 1907 பிப்ரவரி 17 அன்று அடையாற்றில் மறைந்து, அங்கேயே எரியூட்டப்பட்டார். உடலை எரிப்பதே அருவருப்பாகக் கருதப்பட்ட அமெரிக்காவில், 1876இல் நவீன முறையிலான முதல் எரியூட்டலை முன்னின்று நடத்தியவர் அவர் என்பது பலரும் அறியாத செய்தி.

அவர் மறைந்த நான்கு மாதங்களில், 1907 ஜூன் 19 அன்று, இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் முதல் இதழ் வெளிவந்தது. அதே ஆண்டில் லட்சுமி நரசுவின் பௌத்த சாரம் ஆங்கிலத்தில் அச்சேறியது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்த நூல் அது.

அடையாற்றில் ஆல்காட்டின் இடத்திற்கு அன்னி பெசன்ட் அம்மையார் வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1909இல், ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றம் குறித்து இந்தியன் ரெவ்யூ இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடியாலும் இந்தப் பிள்ளைகளின் உடல் கெட்டிருக்கிறது, அவர்களைத் தூய்மையான குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பது முறையன்று, தனிப் பள்ளியே தக்கது என்பது அதன் சாரம். சாதி வேறுபாடற்ற சகோதரத்துவத்தைக் குறிக்கோளாகப் பதிவு செய்த சங்கத்தின் தலைவர் எழுதியது அது. ஆல்காட் தனியாகக் கட்டிய பள்ளிக்கூடம், அவருக்குப் பின் வந்தவரின் கையில் தனிமைப்படுத்தும் கொள்கைக்கு ஆயத்தமான கட்டடமாகிவிட்டது. அந்தக் கட்டுரையை அம்பேத்கர் மறக்கவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதாருக்குச் செய்தது குறித்து 1945இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எடுத்து வைத்தார்.

மற்றப் பள்ளிகள் காலப்போக்கில் சபையின் கையைவிட்டு நீங்கின. 1894இல் தொடங்கிய அந்த முதல் பள்ளி மட்டும் மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்து நிற்கிறது. அது இருக்கும் பகுதிக்குப் பெயர் பெசன்ட் நகர்.